பட்டாளத்துப் படமா? முதலில் பட்டனைப் பாருங்கள்

பழைய குடும்பப் படங்களில் இருக்கும் உடுப்புகள் பற்றிக் குமரி மாவட்டத்திலிருந்து வந்த கேள்விகளில் சில இங்கே. கேட்டவர்களின் பெயரை விட்டுவிட்டு ஊரை மட்டும் போட்டிருக்கிறோம்.

தக்கலை வாசகி: எங்கள் பாட்டா காக்கி டிரவுசரும் சட்டையும் போட்டு நிற்கும் படம் ஒன்று வீட்டில் இருக்கிறது. தொப்பியில் சங்கு மாதிரி ஒரு சின்னம். பின்பக்கம் மலையாளத்தில் ‘1117 மேடம்’ என்று எழுதியிருக்கிறது. வெள்ளைக்காரன் பட்டாளத்தில் இருந்தார் என்றுதான் எல்லோரும் சொல்வார்கள். சரியா? 1117 என்பது என்ன கணக்கு?

1117 கொல்லம் ஆண்டு. நம் மாவட்டம் 1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூர், பின்னர் திருவிதாங்கூர்-கொச்சிப் பகுதி என்பதால், பழைய படங்களின் பின்னால் இந்தக் கணக்கு அடிக்கடி வரும். கொல்லம் ஆண்டு ஆவணியில், அதாவது மலையாளச் சிங்ஙத்தில், பிறக்கும். அதனால் ஆகஸ்ட் நடுவிலிருந்து டிசம்பர் வரை 824-ம், ஜனவரியிலிருந்து ஆகஸ்ட் நடு வரை 825-ம் கூட்ட வேண்டும். மேடம் என்பது நம் சித்திரை. எனவே உங்கள் படத்தில் எழுதியிருப்பது 1942 ஏப்ரல்-மே. பலரும் எல்லா மாதத்துக்கும் 825-ஐக் கூட்டிவிடுகிறார்கள். புரட்டாசி, ஐப்பசி படங்களுக்கு அப்படிச் செய்தால் ஒரு வருடம் தள்ளிப்போகும்.

வலம்புரிச் சங்கு திருவிதாங்கூர் அரசின் முத்திரை. பிரிட்டிஷ் இந்தியப் பட்டாளமாக இருந்தால் தொப்பிச் சின்னத்திலோ பட்டனிலோ பெரும்பாலும் கிரீடம் தெரியும். ஆக உங்கள் பாட்டா மகாராஜாவின் ஆள் என்பது ஏறக்குறைய உறுதி. ஆனால் படைவீரரா என்பது இன்னும் முடிவாகவில்லை. சங்கு அரசாங்கத்துக்கே பொதுவான முத்திரை. காக்கி டிரவுசரையோ போலீஸ்காரரும் போட்டார், வேறு துறைச் சிப்பந்திகளும் போட்டார்கள். துணியை வைத்து இவர்களைப் பிரிக்க முடியாது, உலோகத்தைப் பாருங்கள். தோள்பட்டையில் கை தொடங்கும் இடத்தில் வளைந்த பித்தளை எழுத்துகள் இருக்கின்றனவா? கையின் மேற்பகுதியில் ‘வி’ வடிவப் பட்டைகள் உண்டா? இடுப்பில் நெய்த பருத்திப் பெல்ட்டும், எழுத்தோ எண்ணோ இல்லாத வெறும் பித்தளைக் கொக்கியுமா? இவை படை பக்கம் சாயும். எண் பொறித்த தகட்டோடு தோல் பெல்ட் என்றால் போலீஸ் பக்கம் சாயும்.

படைதான் என்று தெரிந்தால் அடுத்த படமும் வீட்டில் இருக்கிறதா என்று தேடுங்கள். நாயர் பிரிகேடாக இருந்து திருவிதாங்கூர் ஸ்டேட் ஃபோர்ஸாக மாறிய அந்தப் படை, சுதந்திரத்துக்குப் பின் இந்தியத் தரைப்படையில் சேர்க்கப்பட்டது. முதலாம் நாயர் இன்ஃபன்ட்ரி, மெட்ராஸ் ரெஜிமென்ட்டின் 9-வது பட்டாலியன் ஆயிற்று. இரண்டாவது 16-வது பட்டாலியன் ஆயிற்று. மெட்ராஸ் ரெஜிமென்ட்டின் சின்னம் கேடயமும் யானையும் குறுக்கு வாள்களும். அதனால் ஒரே ஆள் ஒரு படத்தில் சங்கோடும், பத்து வருடம் கழித்து எடுத்த படத்தில் யானையோடும் நிற்கலாம். அண்ணன் தம்பி என்று பிரித்து எழுதிவிடாதீர்கள்.

மார்த்தாண்டம் வாசகர்: அப்பா படத்தில் இரண்டு தோளிலும் இரண்டிரண்டு நட்சத்திரம். அவர் லெப்டினன்ட் என்று அண்ணன் சொல்கிறார், சுபேதார் என்று நான் சொல்கிறேன். எப்படித் தீர்ப்பது?

இரண்டு பதவிக்கும் இரண்டு நட்சத்திரம்தான். நட்சத்திரத்துக்குக் கீழே, தோள்பட்டையின் குறுக்கே ஒரு துணிப்பட்டை போகிறதா என்று பாருங்கள். சுதந்திரத்துக்குப் பிந்தைய படமானால் தீர்ப்பு அங்கேதான். சிவப்பு-மஞ்சள்-சிவப்பு நிறத்தில் இருக்கும் அந்தப் பட்டை ஜே.சி.ஓ.க்களுக்கு (ஜூனியர் கமிஷன்ட் ஆபீசர்: சிப்பாய்க்கும் அதிகாரிக்கும் இடைப்பட்ட நிலை) உரியது. கறுப்பு-வெள்ளைப் படத்தில் பெரும்பாலும் கறுப்பு, வெளுப்பு, கறுப்பு என்று மூன்று கோடாகத் தெரியும். பட்டை இருந்தால் சுபேதார், இல்லாவிட்டால் லெப்டினன்ட். ஒரு நட்சத்திரமும் பட்டையும் என்றால் நாயப் சுபேதார். 1965 வரை இந்தப் பதவிக்கு ஜமேதார் என்று பெயர். அசோகச் சிங்கம் மட்டும் இருந்தால் மேஜர், சிங்கத்தோடு பட்டையும் இருந்தால் சுபேதார் மேஜர். இந்தக் கடைசி இரண்டையும் குழப்பிக்கொள்ளாத குடும்பம் அபூர்வம்.

நட்சத்திரத்தின் வடிவமே காலத்தைச் சொல்லும். 1950 ஜனவரி 26-க்கு முன் இருந்தது பிரிட்டிஷ் பாணி: சாய்சதுரம் போல நான்கு பக்கம் நீண்டு, நடுவில் வட்டம். குடியரசான பின் ஐந்து முனை நட்சத்திரமும், கிரீடத்துக்குப் பதிலாக அசோகச் சிங்கமும் வந்தன. லென்ஸ் வைத்துப் பார்த்து முனைகளை எண்ணினால் படம் எந்தப் பக்கம் என்று தெரிந்துவிடும்.

பட்டை இருக்கும் இடம் மங்கிப்போயிருந்தால் வயதைப் பாருங்கள். லெப்டினன்ட் என்பது இருபதுகளில் இருக்கும் பதவி. சிப்பாயாகச் சேர்ந்து படிப்படியாக ஏறி சுபேதார் ஆகப் பல வருடம் பிடிக்கும். நரை தட்டிய மீசை, மார்பில் இரண்டு வரிசை ரிப்பன், தோளில் இரண்டு நட்சத்திரம் என்றால் உங்கள் கட்சியே ஜெயிக்க வாய்ப்பு அதிகம். பென்ஷன் காகிதம் இருந்தால் எண்ணைப் பாருங்கள். ‘ஜே.சி.’ என்று தொடங்கினால் ஜே.சி.ஓ., ‘ஐ.சி.’ என்றால் அதிகாரி.

இதையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறோம்: முனை கீழ்நோக்கிய ‘வி’ பட்டை ஒன்று என்றால் லான்ஸ் நாயக், இரண்டு நாயக், மூன்று ஹவில்தார். இவை முழங்கைக்கு மேலே இருக்கும். மிகப் பழைய படங்களில் முழங்கைக்குக் கீழே, முனை மேல்நோக்கி இருக்கும் பட்டை நன்னடத்தைக்குக் கொடுத்தது. அதைப் பதவியாக எண்ணக் கூடாது.

வடசேரி வாசகி: என் கணவரின் தாத்தா ‘மேஜர்’. எல்லோரும் அப்படியேதான் கூப்பிடுவார்களாம். படத்தில் பாட்டியும் பக்கத்தில் உடுப்போடு உட்கார்ந்திருக்கிறார். அந்தக் காலத்தில் பெண்களைப் பட்டாளத்தில் சேர்த்தார்களா?

சட்டைக் கழுத்தின் இரு பக்கமும் ‘எஸ்’ என்ற ஆங்கில எழுத்து இருக்கிறதா பாருங்கள். இருந்தால் அது இரட்சணிய சேனை. 1865-ல் லண்டனில் தொடங்கி 1882-ல் இந்தியாவுக்கு வந்த கிறிஸ்தவ அமைப்பு. உங்கள் வடசேரியிலுள்ள கேத்தரின் பூத் மருத்துவமனை அவர்களுடையதுதான். சேனையின் ஊழியர்களுக்குக் கேப்டன், மேஜர் என்று படைப் பதவிகளின் பெயரே உண்டு. கணவனும் மனைவியும் சேர்ந்தே ஊழியத்தில் இருப்பார்கள், ஆகையால் தம்பதியாக உடுப்பில் நிற்கும் படம் அவர்களிடம் சகஜம். சின்னத்தில் கிரீடமும் இருக்கும் என்பதால் பட்டாளம் என்று நினைக்கத் தோன்றும். சிலுவையையும் சேர்த்துத் தேடுங்கள். மார்பில் போர்ப் பதக்க ரிப்பன் இல்லாததும் ஓர் அடையாளம். நம் மாவட்டத்தில் ‘மேஜர் தாத்தா’ என்று சொன்னால் முதலில் இதைச் சரிபார்த்துவிட்டு மற்றதைத் தேடுவது நல்லது. இவர் பெயரைப் படை ஆவண அலுவலகங்களில் கேட்டு எழுதிப் பயனில்லை. சேனையின் பதிவுகளைத்தான் கேட்க வேண்டும்.

புலியூர்க்குறிச்சி வாசகர்: டிலனாய் காலத்தில் எங்கள் முன்னோர் ஒருவர் குளச்சல் போரில் இருந்தாராம். அவருடைய படம் என்று ஒன்று பெரியப்பா வீட்டில் இருக்கிறது. உடுப்பை அடையாளம் சொல்ல முடியுமா?

டச்சுத் தளபதி டிலனாய் திருவிதாங்கூரிடம் பிடிபட்ட குளச்சல் போர் 1741-ல் நடந்தது. புகைப்படக் கலை உலகுக்கு அறிவிக்கப்பட்டதே 1839-ல். பெரியப்பா வீட்டில் இருப்பது போட்டோ என்றால் அவர் அந்த வம்சத்தில் பின்னால் வந்த வேறொருவர். உடுப்பைத் தெளிவாகப் படம் எடுத்து அனுப்புங்கள், அவர் யார் என்று பார்ப்போம்.

குளச்சல் வாசகர்: மாமாவின் மாலுமி உடுப்புப் படத்தில் தொப்பி ரிப்பனில் ‘எச்.எம்.ஐ.எஸ்.’ என்று மட்டும் இருக்கிறது, கப்பல் பெயர் இல்லை. ஸ்டூடியோவில் கொடுத்த தொப்பியாக இருக்குமோ?

ஸ்டூடியோ தொப்பி என்று சந்தேகப்பட வேண்டியதில்லை. யுத்த காலத்தில் எந்தக் கப்பல் எந்தத் துறைமுகத்தில் நிற்கிறது என்று வெளியே தெரியக் கூடாது என்பதற்காகப் பெயரை எடுத்துவிட்டு வெறும் எழுத்துகளை மட்டும் வைத்தார்கள். மாமா ராயல் இந்தியன் நேவியில் இருந்திருக்கிறார். அந்தப் பெயர் 1934-ல் வந்தது. கப்பல் பெயருக்கு முன் வரும் ‘எச்.எம்.ஐ.எஸ்.’ 1950-ல் ‘ஐ.என்.எஸ்.’ ஆயிற்று. இடது கையில் ஒற்றை நங்கூரம் இருந்தால் லீடிங் சீமேன், குறுக்கே இரண்டு நங்கூரம் என்றால் பெட்டி ஆபீசர். ரிப்பன் எழுத்து கண்ணாடியில் பார்ப்பதுபோல இடவலம் மாறித் தெரிந்தால் நெகட்டிவைப் புரட்டிப் போட்டுப் பிரிண்ட் எடுத்திருக்கிறார்கள். அப்போது நங்கூரமும் வலது கைக்குப் போய்விடும்.

தோவாளை வாசகர்: அப்பாவின் மார்பில் ஐந்து ரிப்பன்கள். பதக்கங்கள் தொலைந்துவிட்டன. கறுப்பு-வெள்ளைப் படத்தை வைத்து எந்தெந்தப் பதக்கம் என்று சொல்ல முடியுமா? ஒரு நண்பர் கம்ப்யூட்டரில் கலர் ஏற்றிக் கொடுத்தார்.

முதலில் அந்தக் கலர்ப் படத்தை ஓரமாக வையுங்கள். மென்பொருளுக்கு ரிப்பன் நிறம் தெரியாது, அது தோன்றியதைப் பூசும். அந்தக் காலத்து ஸ்டூடியோக்காரர் கையால் வண்ணம் தீட்டிய படங்களும் இப்படித்தான். காக்கியைப் பச்சையாக்கியிருப்பார், வெறும் பித்தளையைத் தங்கமாக்கியிருப்பார்.

கறுப்பு-வெள்ளையிலேயே ஒரு பொறி இருக்கிறது. பழைய ஆர்த்தோ வகை ஃபிலிமுக்குச் சிவப்பு தெரியாது. சிவப்பு ஏறக்குறையக் கறுப்பாக விழும், மஞ்சளும் இருண்டு போகும், நீலம் வெளுத்துவிடும். பின்னால் வந்த பான்குரோமாட்டிக் ஃபிலிம் இப்படிச் செய்யாது. உதட்டைப் பாருங்கள். இயல்புக்கு மீறிக் கறுத்திருந்தால் ஆர்த்தோவாக இருக்கலாம். ஆகவே ரிப்பனில் நிறத்தை ஊகிக்காமல் கோடுகளை எண்ணுங்கள், அகலத்தை ஒப்பிடுங்கள், இரு பாதியும் ஒன்றுபோல இருக்கிறதா என்று பாருங்கள்.

இரண்டாம் உலகப்போர் ரிப்பன்களில் பெரும்பாலானவை நடுக்கோட்டின் இருபுறமும் ஒரே மாதிரி இருக்கும். மாறுபட்டவை எளிதில் சிக்கும். 1939-45 ஸ்டார் என்ற பதக்கம்: சம அகலத்தில் மூன்று பட்டை, கருநீலம், சிவப்பு, இளநீலம். எந்த ஃபிலிமிலும் ஓரத்து இளநீலம் வெளுப்பாக நிற்கும். ஆப்பிரிக்கா ஸ்டார்: வெளிறிய மணல் நிறம், நடுவில் அகலச் சிவப்பு, இருபுறமும் மெல்லிய கோடுகள், ஒன்று கருநீலம், ஒன்று இளநீலம். பர்மா ஸ்டார் இரு பாதியும் ஒன்றுதான்: நடுவில் அகலச் சிவப்பு, இருபுறமும் கருநீலம், அந்த நீலத்தின் நடுவில் மெல்லிய ஆரஞ்சுக் கோடு. இத்தாலி ஸ்டாரில் ஐந்து சம பட்டை: சிவப்பு, வெள்ளை, பச்சை, வெள்ளை, சிவப்பு. வார் மெடலில் ஓரங்களில் அகலச் சிவப்பு, உள்ளே நீலம், நட்டநடுவில் வெள்ளைக்குள் ஒரு மெல்லிய சிவப்பு. மூவர்ணமாகச் சம அகலத்தில் மூன்று பட்டை என்றால் 1947 சுதந்திரப் பதக்கம். இது கிடைத்தால் படம் 1947-க்கு முந்தையது அல்ல என்று உடனே எழுதிக்கொள்ளலாம்.

வரிசை முக்கியம். சட்டைப் பட்டன் பக்கம் இருப்பது மூத்த பதக்கம், அங்கிருந்து கை பக்கமாக இறங்கும். 1939-45 ஸ்டாருக்குப் பின்னால்தான் போர்முனை ஸ்டார்கள், அவற்றுக்குப் பின்னால்தான் வார் மெடல். உங்கள் ஊகம் இந்த வரிசைக்கு எதிராகப் போனால் ஊகம் தவறு, அல்லது படம் புரட்டிப் பிரிண்ட் ஆகியிருக்கிறது. ஆண்கள் சட்டையில் இடப்பக்கம் மேலே வரும்படிதான் பட்டன் போடுவார்கள், அதை வைத்துச் சரிபாருங்கள். படம் நேராக இருந்தும் பதக்கம் வலது மார்பில் இருந்தால், இறந்தவரின் பதக்கத்தை மகனோ மனைவியோ அணிந்திருக்கிறார் என்று பொருள். அது அவர்கள் வாங்கிய பதக்கம் அல்ல.

1965, 1971 போர்களில் இருந்தவரானால் வரிசை வேறு: சமர் சேவா ஸ்டார், ரக்ஷா மெடல் 65-க்கு. பூர்வி ஸ்டார் கிழக்கு முனைக்கு, பஸ்சிமி ஸ்டார் மேற்கு முனைக்கு, சங்ராம் மெடல் 71-க்கு. இவற்றோடு 9 வருட, 20 வருடச் சேவைப் பதக்கங்களும் சேரும். அவை சண்டைக்குக் கிடைத்தவை அல்ல, காலத்துக்குக் கிடைத்தவை.

தொலைந்த பதக்கம் ஒன்றாவது பீரோ மூலையில் அகப்பட்டால் தேய்த்துப் பளபளப்பாக்காதீர்கள். இந்தியப் படையினருக்கு வழங்கிய உலகப்போர்ப் பதக்கங்கள் பலவற்றில் விளிம்பைச் சுற்றி எண், பதவி, பெயர், பிரிவு பொறித்திருக்கும். பிராசோ போட்டுத் துடைத்துத் துடைத்து அந்த எழுத்தை அழித்த வீடுகள் நிறைய. சாய்வான வெளிச்சத்தில் விளிம்பைச் சுற்றிச் சுற்றிப் படித்தால் உங்கள் தேடல் பாதி முடிந்தது.

கருங்கல் வாசகர்: பெரிய தாத்தா மலாயாவில் தோட்டத்தில் இருந்தார், நேதாஜி படையில் சேர்ந்தார் என்பார்கள். உடுப்பு சாதாரண பிரிட்டிஷ் உடுப்பாகத்தான் தெரிகிறது.

அப்படித்தான் தெரியும். சிங்கப்பூரிலும் மலாயாவிலும் கைப்பற்றிய பிரிட்டிஷ் கிடங்குகளிலிருந்துதான் இந்திய தேசிய ராணுவம் (ஐ.என்.ஏ.) உடுப்பை எடுத்தது. காக்கியிலோ வெட்டிலோ வித்தியாசம் தேடி நேரத்தை வீணாக்க வேண்டாம். பக்கவாட்டில் மடித்த துணித்தொப்பியில் கிரீடம் இருக்கிறதா, அல்லது இந்திய வரைபடம் உள்ள சின்னமா என்பதுதான் கேள்வி. கையில் பாயும் புலிப் பட்டை இருந்தால் கதை மாறும். அது, வட ஆப்பிரிக்காவில் பிடிபட்ட இந்தியக் கைதிகளைக் கொண்டு ஜெர்மனியில் அமைத்த படையினர் அணிந்தது. மலாயாத் தோட்டத்திலிருந்து போனவருக்குப் பொருந்தாது.

தோட்டத்திலிருந்து நேரே சேர்ந்தவர் என்றால் பிரிட்டிஷ் படைப் பதிவுகளில் பெயரே இருக்காது. இந்த இடத்தில் படத்தைவிடக் காகிதம் பேசும். மத்திய அரசு 1972-ல் தொடங்கிய சுதந்திரப் போராட்ட வீரர் ஓய்வூதியத்துக்கு விண்ணப்பித்தாரா என்று பழைய பெட்டியில் பாருங்கள். ஐ.என்.ஏ. கோப்புகள் டெல்லி தேசிய ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன.

குலசேகரம் வாசகி: படம் கண்ணாடியோடு ஒட்டிக்கொண்டு, ஓரமெல்லாம் பூசணம். பிய்த்து எடுத்து ஸ்கேன் செய்யலாமா?

பிய்க்காதீர்கள். படத்தின் மேல்பூச்சு ஜெலட்டின். ஈரத்தில் இளகிக் கண்ணாடியைப் பிடித்துக்கொண்டது. இழுத்தால் முகம் கண்ணாடியோடு போய்விடும். ஹேர் டிரையர், நீராவி, தண்ணீரில் ஊறவைத்தல் எல்லாம் வேண்டாம். கண்ணாடியோடேயே படம் எடுங்கள்: சட்டத்தைச் சுவரில் நேராக நிறுத்தி, இரு பக்கமும் 45 பாகைச் சாய்வில் வெளிச்சம், போனுக்குப் பின்னால் ஒரு கறுப்புத் துணி. உங்கள் நிழலும் ஜன்னலும் கண்ணாடியில் விழாது. சந்தனப்பொட்டு பெரும்பாலும் கண்ணாடிமேல்தான் இருக்கும். அதை மட்டும் லேசாக ஈரமான பஞ்சால் வெளிப்புறமாக எடுத்துவிடலாம்.

ஒட்டாத படங்களைத் தட்டையான ஸ்கேனரில் போடுங்கள். போஸ்ட்கார்டு அளவுக்கு 600 டி.பி.ஐ., பாஸ்போர்ட் அளவுக்கு 1200, டிஃப் கோப்பாக. வாட்ஸ்அப்பில் அனுப்பிய பிரதி பேட்ஜைப் படிக்க உதவாது. அது ஏற்கெனவே சுருங்கிவிட்டது. ‘தெளிவாக்கும்’ செயலிகள் இல்லாத எழுத்தையும் இல்லாத பட்டனையும் வரைந்துவிடும். தொடாத மூலக்கோப்பு ஒன்று எப்போதும் கையில் இருக்கட்டும்.

நம் மாவட்டத்தில் இரண்டு பருவமழையும் உண்டு. சட்டத்தைக் கழற்றும் வேலையைப் பிப்ரவரி, மார்ச்சுக்கு வைத்துக்கொள்ளுங்கள். காய்ந்த பூசணத்தை வீட்டுக்கு வெளியே, மெல்லிய தூரிகையால் தட்டிவிடலாம், ஈரத்துணி கூடாது. சட்டத்தின் பின்னால் அடைத்திருக்கும் பழைய செய்தித்தாளை எறிந்துவிடாதீர்கள். அதிலுள்ள தேதி சட்டம் போட்ட காலத்தைச் சொல்லும், படம் அதற்கு முந்தையது. படத்தின் மூலையில் அழுத்திப் பதித்த ஸ்டூடியோ முத்திரை கண்ணுக்குத் தெரியாவிட்டால், இருட்டில் டார்ச்சைப் படுக்கைவாட்டில் அடித்துப் பாருங்கள்.

நாகர்கோவில் வாசகர்: தோளில் ‘ஆர்.ஐ.ஏ.எஸ்.சி.’ என்று தெரிகிறது. இனி யாரிடம் கேட்பது?

ராயல் இந்தியன் ஆர்மி சர்வீஸ் கோர், அதாவது சரக்கும் வண்டியும் பார்த்த பிரிவு. ‘ராயல்’ 1935-ல் சேர்ந்தது, 1950-ல் போயிற்று. உங்கள் படம் அந்த இடைவெளிக்குள் வரும். மருத்துவப் பிரிவின் ‘ஐ.ஏ.எம்.சி.’ 1943-ல்தான் பிறந்தது.

பிரிவு தெரிந்தால் அதன் ஆவண அலுவலகத்துக்கு எழுதலாம்: மெட்ராஸ் ரெஜிமென்ட் என்றால் நீலகிரி வெலிங்டன், மெட்ராஸ் சாப்பர்ஸ் என்றால் பெங்களூரு, சர்வீஸ் கோரின் தென்னகப் பிரிவும் பெங்களூரு, பீரங்கிப் படை நாசிக், சிக்னல்ஸ் ஜபல்பூர், மருத்துவப் பிரிவு லக்னோ. எப்படி எழுதுவது என்பதற்கு நாகர்கோவிலிலுள்ள முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தில் முதலில் கேளுங்கள். படை எண், பெயர், தகப்பனார் பெயர், சேர்ந்த வருடம், டிஸ்சார்ஜ் புத்தகத்தின் நகல், வாரிசு என்பதற்குச் சான்று, இவை இருந்தால் பதில் கிடைக்க வாய்ப்பு உண்டு. எண் இல்லாமல் பெயரை மட்டும் எழுதினால் பெரும்பாலும் கிடைக்காது.

போரில் இறந்தவரானால் காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையத்தின் இணையப் பட்டியலில் நீங்களே தேடலாம். முதல் உலகப்போரில் மெசபடோமியா (இன்றைய ஈராக்) போனவர்களுக்குப் பாஸ்ரா நினைவுச்சின்னம், இரண்டாம் உலகப்போரில் பர்மாவுக்கு ரங்கூன், மலாயாவுக்குச் சிங்கப்பூர் நினைவுச்சின்னம். பெயரை ஒரே எழுத்துக்கூட்டலில் தேடி விட்டுவிடாதீர்கள். எழுதிக்கொண்ட குமாஸ்தாவுக்குக் காதில் விழுந்ததுதான் எழுத்து. ஊர்ப் பகுதியில் ‘கன்னியாகுமரி’ என்றோ ‘தமிழ்நாடு’ என்றோ போட்டால் ஒன்றும் வராது. அந்தப் பதிவுகளில் நம் ஊர்கள் ‘விளவங்கோடு’, ‘கல்குளம்’ என்று தாலுகா பெயரிலோ, வெறும் ‘திருவிதாங்கூர்’ என்றோதான் இருக்கும். அதையும் அக்காலத்து ஆங்கில எழுத்துக்கூட்டலில் தட்டிப் பாருங்கள்.